பழ ஈயும் பழத்தின் விலையும்

(கோலார் தங்கவயலில் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், முன்னாள் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினர் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



தங்கவயலில் கூட்டம் என்றால் சுரங்கத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு நிலுவைத் தொகை, குடியிருப்பு உரிமை, சயனைடு மேடுகளிலிருந்து எழும் தூசி, வேலை தேடி அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறும் இளைஞர்களின் அவலம் ஆகியவை இங்கே பேசப்பட்டு வருகின்றன. அவை தொடர்ந்து பேசப்பட வேண்டியவையே. இன்றைய உரையின் பொருள், ஓர் ஈ.

இதற்குக் காரணம் உண்டு. தங்கவயலைச் சுற்றியுள்ள கோலார் மாவட்டம் மாம்பழத்துக்கும் தக்காளிக்கும் பெயர்பெற்றது. சீனிவாசபூர் வட்டத்தின் மாந்தோப்புகளும் கோலார் தக்காளிச் சந்தையும் நாடறிந்தவை. ஆற்றுநீர்ப் பாசனம் இல்லாத மாவட்டம் இது. ஏரியும் ஆழ்துளைக் கிணறும்தான் இதன் ஆதாரம். கடன் வாங்கிக் கிணறு தோண்டி விளைவித்த மாங்காயும் பாகலும் பீர்க்கும் கொய்யாவும் சந்தைக்கு வரும்போது உள்ளே புழு நெளிந்தால், இழப்பு தோட்டத்துக்காரரோடு நிற்பதில்லை. பறிக்கும் கூலித் தொழிலாளி, தரம் பிரிக்கும் பெண்கள், ராபர்ட்சன்பேட்டையில் தள்ளுவண்டியில் விற்பவர் என எல்லார் வீட்டு அடுப்பிலும் அது தெரியும். எனவே பழ ஈ பூச்சியியல் வகுப்பறைக்கு மட்டும் உரிய பொருளாகாது. உழைப்பாளி மக்களின் வாழ்வாதாரப் பிரச்சினை அது.

ஈ செய்யும் வேலை

பழ ஈ என்றவுடன் வாழைப்பழத் தோலைச் சுற்றி மொய்க்கும் சிறு பூச்சி பலருக்கு நினைவுக்கு வரும். அது வேறு இனம். அழுகத் தொடங்கிய பழத்தை நாடி வருவது. விளைச்சலுக்கு அதனால் பெரிய கேடில்லை. தோட்டத்தைப் பாழாக்கும் பழ ஈ ஏறத்தாழ வீட்டு ஈயின் அளவுள்ளது. பழுப்பும் மஞ்சளும் கலந்த உடல், கண்ணாடி போன்ற இறக்கை. பார்ப்பதற்குச் சிறு குளவி போலத் தோன்றும். இது நாடுவது மரத்தில் நல்ல நிலையில் தொங்கும் முதிர்ந்த காயை. பெண் ஈ தன் வால்முனையில் உள்ள ஊசி போன்ற உறுப்பால் தோலைத் துளைத்து, உள்ளே முட்டைகளை இடுகிறது. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து வெள்ளைப் புழுக்கள் வெளிவந்து சதையைத் தின்னத் தொடங்குகின்றன. துளை வழியே நுண்ணுயிர்கள் நுழைந்து அழுகலைக் கூட்டுகின்றன. பழம் உதிர்கிறது. வளர்ந்த புழு பழத்தை விட்டு வெளியேறி, மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாக அடங்குகிறது. பத்து நாள் அளவில் புதிய ஈ மண்ணைக் கிழித்து மேலே வருகிறது. வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து ஈ வரையிலான இந்தச் சுற்று மூன்று நான்கு வாரங்களில் முடிந்துவிடும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இட வல்லது.

எந்தெந்த விளைபொருள்கள் இதற்கு இரையாகின்றன? பழங்களைத் தாக்கும் ஈக்களில் முதன்மையானது கீழைநாட்டுப் பழ ஈ. மா, கொய்யா, சப்போட்டா, பப்பாளி, ஆரஞ்சு என நூற்றுக்கணக்கான பயிர்களிலும் காட்டு மரங்களிலும் அது வாழ்கிறது. மா வகைகளில் அல்போன்சாவும் பங்கனபள்ளியும் எளிதில் பாதிக்கப்படுபவை. கொய்யாவில் மழைக்காலக் காய்ப்புக்குத்தான் சேதம் அதிகம். இலந்தைக்குத் தனியாக ஓர் ஈ உண்டு. கொடிக் காய்களைத் தாக்குவது இன்னோர் இனம். பாகல், பீர்க்கு, புடலை, சுரை, பூசணி, வெள்ளரி, தர்பூசணி, கோவை ஆகிய எல்லாவற்றிலும் அது முட்டையிடும். பிஞ்சிலேயே குத்துப்பட்ட பாகல் கோணலாக வளைந்து மஞ்சளாகிப் போவதைக் காய்கறி விளைவிப்போர் நன்கறிவர். தக்காளியும் மிளகாயும்கூடச் சில பழ ஈக்களுக்கு இரையாகும். ஆனால் கோலார்த் தக்காளியைக் கடந்த பத்தாண்டுகளாக வாட்டிவரும் ஊசிப்புழு, பழ ஈயின் இனத்தைச் சேர்ந்ததன்று. 2014-இல் இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்ட ஓர் அந்துப்பூச்சியின் புழு அது. இரண்டையும் ஒன்றென எண்ணி ஒரே மருந்தைத் தெளிப்பதால் பயனில்லை.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழ ஈக்கு ஒரு மரம் முடிந்தால் அடுத்த மரம் காத்திருக்கிறது. மே முதல் ஜூலை வரை மா. மழைக்காலத்தில் கொய்யா. அதன்பின் சப்போட்டா. ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓர் இரை கிடைத்துக்கொண்டே இருக்கிறது. வேலிக்கல்லும் பட்டா எண்ணும் மனிதர் வகுத்தவை. ஈ அவற்றை அறியாது.

தனித்தோட்டத்தில் ஏன் தோற்கிறார்கள்

பழ ஈயைப் பிடிக்கும் வழியைக் கண்டறிந்த வரலாறு இந்திய மண்ணில் தொடங்கியது. 1910-களில் பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லெட் என்ற பூச்சியியலார் ஒரு வியப்பான செய்தியைப் பதிவு செய்தார். கொசுவை விரட்டுவதற்காகச் சிட்ரோனெல்லா எண்ணெய் தடவிய கைக்குட்டையை நாடிப் பழ ஈக்கள் கூட்டமாக வந்தன. வந்தவை அனைத்தும் ஆண் ஈக்கள். அவற்றை ஈர்த்த பொருள் மெத்தில் யூஜினால் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. துளசியிலும் அந்தப் பொருள் உண்டு. துளசி இலையை நசுக்கி வைத்தால் ஆண் ஈக்கள் வந்து மொய்ப்பதைத் தோட்டங்களில் இன்றும் காணலாம்.

இதன் அடிப்படையில் உருவானதே இன்றைய பொறி. மெத்தில் யூஜினாலும் சிறிதளவு பூச்சிக்கொல்லியும் ஊறிய சிறு மரக்கட்டையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மரக்கிளையில் தொங்கவிடுகிறார்கள். கொடிக் காய்களின் ஈக்குக் கியூலூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருள் பயன்படுகிறது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய பொறிகளை உருவாக்கிப் பரப்பி வருகிறது. ஏக்கருக்கு ஆறு முதல் பத்துப் பொறிகள் போதுமானவை. செலவும் பெரிதன்று.

அப்படியானால் ஈ ஏன் இன்னும் ஒழியவில்லை? பொறியைத் தொங்கவிட்டும் பழத்தில் புழு வருகிறது என்று விவசாயிகள் சலித்துக்கொள்வதன் காரணம் என்ன?

பொறிக்குள் விழுபவை ஆண் ஈக்கள் மட்டுமே. காயைக் குத்துவது பெண் ஈ. ஆண் ஈக்கள் ஏறத்தாழ முழுவதுமாக ஒழிந்தால்தான் பெண் ஈக்கள் இணை கிடைக்காமல் போய் முட்டைகள் பொரியாமல் போகும். மிஞ்சிய ஓர் ஆண் ஈ பல பெண் ஈக்களோடு இணையக்கூடியது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தம் தோட்டத்து ஆண் ஈக்களையெல்லாம் பிடித்துவிட்டாலும், பக்கத்துத் தோட்டத்தில் இணைசேர்ந்த பெண் ஈ வேலி தாண்டி வந்து முட்டையிடுகிறது. ஓர் ஊரின் எல்லாத் தோட்டங்களிலும் ஒரே காலத்தில் பொறி வைத்தால் அதே பொறி பலன் தருகிறது. பசிபிக் பெருங்கடலில் உள்ள ரோட்டா என்ற சிறு தீவில் 1960-களில் இந்த முறையாலேயே கீழைநாட்டுப் பழ ஈயை அடியோடு ஒழித்தார்கள். தீவு முழுவதும் ஒருசேரச் செய்ததால் அது கைகூடியது.

தங்கவயல் மக்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் எனச் சுரங்கங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. பூமிக்கடியில் ஒன்றோடொன்று அவற்றுக்குத் தொடர்பு இருந்தது. ஒன்றில் நீர் இறைப்பது நின்றால் அந்த நீர் அங்கேயே நிற்காது. நீருக்குக் கம்பெனியின் எல்லை தெரியாது. ஈக்குத் தோட்டத்தின் எல்லை தெரியாது. இரண்டையும் கூட்டாகவே கட்டுப்படுத்த முடியும்.

மருந்துக் கடைக்குப் போகும் வழி

கூட்டு நடவடிக்கை இல்லாத இடத்தில் தனி விவசாயிக்கு மிஞ்சுவது மருந்துக் கடை. அங்கே அறிவுரை சொல்பவரும் விற்பவரும் ஒருவரே. விரிவாக்கப் பணியாளர்கள் போதிய அளவில் இல்லாத கிராமத்தில் கடைக்காரரின் சொல்லே வேளாண் அறிவியலாகிவிடுகிறது. புழு பழத்தின் உள்ளே இருக்கிறது. கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கிறது. இலைமேல் தெளிக்கும் மருந்து இரண்டையும் சென்றடைவதில்லை. பலன் தெரியாதபோது அளவைக் கூட்டுகிறார்கள். அடுத்த முறை இரண்டு மருந்துகளைக் கலக்கிறார்கள். கம்பெனிக்கு விற்பனை, விவசாயிக்குக் கடன்.

அந்த நஞ்சை முதலில் சுவாசிப்பவர் முதுகில் தெளிப்பானைச் சுமக்கும் விவசாயத் தொழிலாளி. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்த தொழிலாளர்களும் விவசாயிகளும் பலர் நஞ்சேறி மாண்டது இன்னும் மறக்கப்படவில்லை. மேலும் கோலார் பட்டுப்புழு வளர்க்கும் மாவட்டம். பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் மிதந்து மல்பெரி இலையில் படிந்தால், அந்த இலையைத் தின்ற பட்டுப்புழுக்கள் மடியும். ஒரு சிறு விவசாயியின் மருந்து இன்னொரு சிறு விவசாயியின் பிழைப்பைக் கெடுக்கிறது. மாம்பூவில் மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் சேர்ந்தே அழிகின்றன.

ஆராய்ச்சி நிலையங்கள் கூறும் வழி இதைவிட எளியது. உதிர்ந்த பழங்களை வாரந்தோறும் பொறுக்கி ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழு வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். முதிர்ந்த காயை மரத்திலேயே பழுக்கவிடாமல் பறித்துவிட வேண்டும். பெண் ஈயை ஈர்க்க வெல்லக் கரைசலோ புரதக் கரைசலோ கலந்த இரையை மரத்தின் ஓரிரு இடங்களில் மட்டும் தெளித்தால் போதும். தோட்டம் முழுவதையும் நஞ்சால் நனைக்க வேண்டியதில்லை. கொய்யாவுக்கும் பாகலுக்கும் காகித உறை போடலாம். பறித்த மாங்காயை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் உள்ளிருக்கும் முட்டையும் புழுவும் மடியும். இவற்றில் எதுவும் வெளிநாட்டுக் காப்புரிமைக்கு உட்பட்டதன்று. எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது உழைப்பு. உழைப்புக்குக் கூலி வேண்டும். கூலி கொடுக்க விலை வேண்டும்.

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உதிர்ந்த பழத்துக்கு யார் பொறுப்பு

இந்த வட்டாரத்தில் மாந்தோப்புகளைப் பூக்கும் பருவத்திலேயே வியாபாரியிடம் குத்தகைக்கு விடும் வழக்கம் உண்டு. முன்பணத்துக்காகவும் பழைய கடனுக்காகவும் சிறு விவசாயி அதற்கு இணங்குகிறார். குத்தகைதாரருக்கு இந்த ஆண்டுக் காய் மட்டுமே கணக்கு. அடுத்த ஆண்டு ஈ வருமா வராதா என்பது அவர் கவலையில்லை. எனவே உதிர்ந்த பழத்தைப் பொறுக்க அவர் கூலி கொடுப்பதில்லை. காய் தமக்கு உரியதாக இல்லாத காரணத்தால் நிலத்துக்காரரும் பொறுக்குவதில்லை. மரத்தடியில் அழுகும் பழம் யாருக்கும் சொந்தமில்லாத பொருளாகி ஈக்கு மட்டும் சொந்தமாகிறது.

பழ ஈயின் சேதத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பறிக்கும் நாளில் ஊசித்துளை கண்ணுக்கு எளிதில் புலப்படாது. சில நாள் கழித்துப் பழம் கனியும்போதுதான் தோல் கறுத்து உள்ளே அழுகல் தெரியும். அதற்குள் பழம் கைமாறிவிடுகிறது. மண்டியில் அழுகலின் பெயரால் எடையில் கழிவு பிடிக்கப்படுகிறது. கழிவு எவ்வளவு என்பதை முடிவு செய்வது வாங்குபவர். மொத்த வியாபாரி தம் பாதுகாப்புக்கு அதைக் கூட்டியே பிடிக்கிறார். அதன் பிறகும் பெட்டிக்குள் தங்கிவிட்ட புழுவின் இழப்பு, கந்துக்குப் பணம் வாங்கி ஒரு பெட்டிப் பழம் எடுத்த தள்ளுவண்டிக்காரரின் தலையில் விழுகிறது. சங்கிலியின் இரு முனைகளில் இருக்கும் சிறு விவசாயியும் சில்லறை வியாபாரியும் இழப்பைச் சுமக்கிறார்கள். நடுவில் இருப்பவர் கழிவிலும் லாபம் காண்கிறார். ஈ எல்லாத் தோட்டத்துக்கும் போகிறது. இழப்போ எல்லாருக்கும் சமமாகப் போவதில்லை.

2025-இன் பாடம்

2025 கோடையில் கோலாரின் தோத்தாபுரி விவசாயிகளுக்கு நேர்ந்தது இந்த உண்மையை வெட்டவெளிச்சமாக்கியது. கிளிமூக்கு என்று மக்கள் அழைக்கும் தோத்தாபுரி பெரும்பாலும் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் ரகம். இங்கே விளைவதில் கணிசமான பகுதியை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்ட ஆலைகள் வாங்குவது வழக்கம். அந்த ஆண்டு விலை சரிந்தது. தன் மாவட்ட விவசாயிகளைக் காப்பதாகக் கூறி, சித்தூர் மாவட்ட நிர்வாகம் ஜூன் 7 அன்று வெளிமாநிலத் தோத்தாபுரிக்குத் தடை விதித்தது. சீனிவாசபூரில் விவசாயிகள் மாங்காயைச் சாலையில் கொட்டினார்கள்; ஜூன் 11 அன்று கடையடைப்பு நடந்தது. குவிண்டால் 12,000 ரூபாயாக இருந்த மாம்பழ விலை 3,000 ரூபாய்க்கு வீழ்ந்துவிட்டது என்றும், சாகுபடிச் செலவே குவிண்டாலுக்கு 5,466 ரூபாய் என்றும் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். ஒன்றிய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின்கீழ் இரண்டரை லட்சம் டன் மாங்காய்க்குச் சம்மதித்தபோது நிர்ணயித்த விலை குவிண்டாலுக்கு 1,616 ரூபாய். மாநில அரசே சொன்ன சாகுபடிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தொகை அது.

எல்லைக்கு அப்பால் இருந்த விவசாயியும் வாழ்ந்துவிடவில்லை. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. சித்தூரிலும் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். கிருஷ்ணகிரியிலும் அதே கதை. மூன்று மாநில விவசாயிகள் ஒரே நெருக்கடியில் சிக்கியிருந்தபோது, ஒருவரை மற்றவருக்கு எதிராக நிறுத்தியது அந்தத் தடை. கூழ் ஆலைகளின் பேரம் பேசும் வலு அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

இப்போது ஈயின் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விலை பறிகூலிக்கும் வண்டிவாடகைக்கும் கட்டாதபோது காய் மரத்திலேயே விடப்படுகிறது. கனிந்து உதிர்கிறது. உதிர்ந்த ஒவ்வொரு பழமும் புழுக்களின் தொட்டில். ஜூன் இறுதியில் உதிர்ந்த பழத்திலிருந்து ஜூலையில் புதிய தலைமுறை ஈ கிளம்புகிறது. மழை ஈரம் அதற்குத் துணை நிற்கிறது. அந்த ஈ அண்டை ஊரின் கொய்யாவைத் தேடிப் போகிறது. ஆக, ஒரு விளைபொருளின் விலைச் சரிவு அடுத்த விளைபொருளின் பூச்சித் தாக்குதலாக மாறுகிறது. மாவை விளைவித்தவர் விலையில் இழந்தார்; கொய்யாவை விளைவித்தவர் விளைச்சலில் இழக்கிறார். இயற்கைச் சீற்றம் என்று அரசு கைகழுவக்கூடிய இழப்பு இதுவன்று. கட்டுப்படியாகும் விலை கிடைக்கும் தோட்டம் சுத்தமாக இருக்கும். விலை வீழ்ந்த தோட்டத்தில் ஈ பெருகும். குறைந்தபட்ச ஆதரவு விலைக்கான போராட்டம் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கான போராட்டமும் ஆகும் என்று சொல்வதில் மிகையில்லை.

ஈயின் பெயரால் நடக்கும் வணிகம்

பழ ஈ உலக வணிகத்திலும் ஓர் ஆயுதம். இந்திய மாம்பழத்துக்கு ஜப்பான் 1986-இல் கதவை அடைத்தது. சூடான நீராவியால் பழத்தைப் பதப்படுத்தும் நிபந்தனையோடு 2006-இல்தான் திறந்தது. 2006 மார்ச்சில் புதுதில்லி வந்த அமெரிக்க அதிபர் புஷ், அணுசக்தி உடன்பாட்டோடு மாம்பழ இறக்குமதியையும் சேர்த்து அறிவித்தார். 2007-இல் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய மாம்பழம் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதே பேரத்தில் ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தியச் சந்தை திறக்கப்பட்டது. 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மாம்பழத்துடன் கத்தரி, சேப்பங்கிழங்கு, பாகல், புடலை ஆகியவற்றுக்கும் தடை விதித்தது. முந்தைய ஆண்டில் 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருந்தன என்பது அது கூறிய காரணம். மாம்பழத் தடை 2015 ஜனவரியில் நீங்கியது.

அயல்நாட்டுப் பூச்சி தன் மண்ணில் நுழையாமல் தடுக்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு, அதை மறுப்பதற்கில்லை. தெற்காசியாவின் இதே பழ ஈ 2003-இல் கென்யாவில் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் அது ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவி, அங்குள்ள ஏழை விவசாயிகளின் மாவைச் சூறையாடியது. ஆபத்து உண்மையானது. கேள்வி, அதைத் தடுக்கும் செலவை யார் ஏற்பது என்பதே. நீராவி நிலையமும் கதிர்வீச்சு நிலையமும் குளிர்பதனக் கிடங்கும் பெரும் முதலீடு கேட்பவை. அவை ஏற்றுமதியாளரிடமோ தொலைநகரத்திலோ இருக்கின்றன. இரண்டு ஏக்கர் விவசாயி அந்த வாசலை எட்டுவதே இல்லை. தரக்கட்டுப்பாடு சிறு விவசாயியை வடிகட்டும் சல்லடையாகிவிடுகிறது. ஏற்றுமதியில் தள்ளுபடியான சரக்கு உள்ளூர்ச் சந்தையில் வந்து குவிந்து அவருடைய விலையை மேலும் இறக்குகிறது.

அரசு நினைத்தால் முடியும்

பழ ஈயைக் கட்டுப்படுத்த முடியாது என்பது பொய். ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் கொடிக் காய்களைத் தாக்கும் ஈயை 1993-இல் முற்றாக ஒழித்தார்கள். ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் ஈக்களை வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, வாரந்தோறும் வானிலிருந்து விட்டார்கள். மலட்டு ஈக்களோடு இணைந்த பெண் ஈக்களின் முட்டைகள் பொரிக்கவில்லை. இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் நீண்ட பணி அது. மெக்சிகோவின் தென்பகுதியில் நுழைந்த மத்தியதரைக்கடல் பழ ஈயை அந்நாட்டு அரசு இதே வழியில் 1982-இல் விரட்டியது. இவை எதையும் தனியார் நிறுவனம் லாபக் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. பொதுப் பணம், பொது ஆய்வகம், பொது ஊழியர்கள், ஒட்டுமொத்த வட்டாரத்தின் பங்கேற்பு ஆகியவை சேர்ந்தே சாதித்தன.

இந்த நாட்டுக்கு அத்தகைய ஆற்றல் இல்லையா? 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டு வந்தார்கள். ஆசியாவில் அதுபோன்ற நீண்ட மின்பாதை அன்று வேறில்லை. ஜான் டெய்லர் கம்பெனிக்குத் தங்கம் வேண்டும் என்றபோது ஆற்றையே திருப்ப முடிந்தது. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, அதே மாவட்டத்தின் மாந்தோப்புகளுக்கு ஒரு பருவத்தில் பொறிகளை ஒருசேரக் கொடுக்க முடியாது என்று சொல்வதை ஏற்க முடியுமா? கர்நாடக மாநில மாம்பழ வளர்ச்சி மற்றும் சந்தைப்படுத்தல் கழகம் இருக்கிறது. கோலாரில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஹெசரகட்டா ஆய்வு நிறுவனம் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. இல்லாதது அறிவியலன்று, அரசியல் உறுதியே.

கோரிக்கைகளும் கடமைகளும்

இந்த நிலையில் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

முதலாவது, மாவட்டம் முழுவதற்கும் ஒரே காலத்தில், காய் முதிரும் முன்பே, பழ ஈப் பொறிகளை அரசு செலவில் வழங்க வேண்டும். விண்ணப்பித்தவருக்கு மட்டும் மானியம் என்ற முறை இங்கே பயன்படாது. விண்ணப்பிக்காதவர் தோட்டத்து ஈ விண்ணப்பித்தவர் தோட்டத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிப் புதைப்பதையும் மரத்தடி மண்ணைக் கிளறுவதையும் ஊரகப் பொது வேலைகளில் சேர்த்துச் சட்டப்படியான கூலி வழங்க வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு வேலை, விவசாயிக்குப் பாதுகாப்பு என இரு பலன் ஒரே பணியில் கிடைக்கும்.

மூன்றாவது, சாகுபடிச் செலவோடு ஐம்பது விழுக்காடு சேர்த்து மாம்பழத்துக்கும் காய்கறிக்கும் ஆதரவு விலை சட்டபூர்வமாக உறுதி செய்யப்பட வேண்டும். விளையும் வட்டாரத்திலேயே கூட்டுறவுத் துறையில் மாங்கூழ் ஆலையும் வெந்நீர்ப் பதப்படுத்தும் நிலையமும் அமைய வேண்டும். சீனிவாசபூர் மாங்காய் சித்தூர் ஆலையின் வாசலில் கையேந்தி நிற்கும் நிலை அப்போதுதான் மாறும்.

நான்காவது, மண்டியில் அழுகல் கழிவுக்கு வரையறை வேண்டும். விவசாயிகளின் பிரதிநிதி முன்னிலையில் மாதிரி எடுத்துச் சோதிக்காமல் கழிவு பிடிக்கக் கூடாது. மருந்து தெளிக்கும் தொழிலாளர்க்குப் பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதாது. கிளைகள் தத்தம் ஊரில் செய்யக்கூடியவை உள்ளன. விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து, ஓர் ஊரின் எல்லாத் தோட்டங்களிலும் ஒரே வாரத்தில் பொறி கட்டும் முயற்சியைத் தொடங்கலாம். பொறியில் விழும் ஈக்களை வாரந்தோறும் எண்ணிப் பதிவேட்டில் குறித்தால் அரசிடம் வாதாட அதைவிட வலுவான சான்று வேறில்லை. தங்கவயலின் குடியிருப்பு வரிசைகளில் கொல்லைக் கொய்யாவும் பப்பாளியும் வைத்திருப்பவர்களும் உதிர்ந்ததைக் குப்பையில் வீசாமல் புதைக்க வேண்டும். கொல்லை மரத்தில் கிளம்பும் ஈக்கு ஊரெல்லையில் உள்ள தோட்டம் தொலைவில்லை. சந்தைக் கழிவை அன்றாடம் அகற்றும்படி நகராட்சியை வலியுறுத்துவதும் இதில் அடங்கும். மாநில எல்லைக்கு அப்பால் சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள விவசாயிகள் சங்கத் தோழர்களோடு பருவம் தொடங்கும் முன்பே பேசி, மூன்று மாநிலத்துக்கும் ஒரே விலைக் கோரிக்கையை வகுப்பது அவசரப் பணி.

1930-இல் சுரங்கத் தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டது. தொழிலாளர்கள் தனித்தனியே மறுத்திருந்தால் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டிருப்பார்கள். ஒட்டுமொத்தச் சுரங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. இந்த ஊருக்கு அந்தப் பாடம் புதிதன்று. அன்று சுரங்கத்தில் கற்றதை இன்று தோட்டத்திலும் மண்டியிலும் கையாள வேண்டியிருக்கிறது. அடுத்த பருவத்து மாம்பூ பூக்கும் முன் ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் எத்தனை தோட்டங்கள், எத்தனை ஏக்கர், குத்தகையில் எத்தனை, உதிர்ந்த பழத்தைப் பொறுக்க எத்தனை ஆள் தேவை என்ற கணக்கை எடுத்து முடிக்க வேண்டும். அந்தக் கணக்கோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்வோம்!